பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ரிவர்ஸ் கேமரா போடலாமா? போடுறதா இருந்தா எந்த வரிசையில போடணும்

அமெரிக்கா வந்து ஏழெட்டு வருஷம் கேம்ரியோ அக்கார்டோ ஓட்டிட்டு, கையில கொஞ்சம் காசு சேந்ததும் "இப்ப இல்லன்னா எப்ப"ன்னு பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு வாங்குற நம்மாளுங்க நிறைய பேர் இருக்காங்க, நானும் அந்தக் கூட்டம்தான், டல்லாஸ் பக்கம், என்கிட்ட இருக்குறது 2005 நிஸான் 350இசட் கூப்பே (கூரை மூடின ரெண்டு கதவு வண்டி). ஓட்ட அருமையான வண்டி, ரிவர்ஸ் எடுக்கத்தான் கொடுமை. பின்னாடி தூண் ரெண்டும் தடி தடியா இருக்கும், ஹாட்ச் (கண்ணாடியோட சேந்து மேல திறக்குற பின்கதவு) கண்ணாடி படுத்த மாதிரி சரிஞ்சிருக்கும், போதாக்குறைக்கு டிக்கிக்கு குறுக்கால ஒரு பெரிய இரும்பு பிரேஸ் வேற. இந்தியன் கடை பார்க்கிங்ல ரெண்டு பக்கமும் பெரிய எஸ்யூவி நின்னா வெளிய வர்றது சாமிய கும்பிட்டுட்டு வர்றதுதான்.

கேமரா போடலாம்னு இறங்கினப்புறம்தான் தெரிஞ்சது, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, கடைக்குக் கடை ரேட்டு மாறுது, எதை முதல்ல வாங்கணும்னே யாரும் சொல்றதில்ல. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்னுதான் இதை எழுதுறேன். உதாரணம் எல்லாம் என் 350இசட்ட வச்சு சொல்றேன், மத்த வண்டிக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

1. உங்க வண்டிக்கு உண்மையிலேயே வேணுமா?

சட்டத்துக்காகப் போடணும்னு அவசியமில்ல, அதை முதல்ல மனசுலேர்ந்து எடுத்துடுங்க. 2018 மே 1க்கு அப்புறம் தயாரான புது கார்ல கேமரா இருந்தே ஆகணும்ங்கிறது ஃபெடரல் விதி, அது கம்பெனிக்காரனுக்குத்தான், பழைய வண்டிக்கு கொண்டுவந்து மாட்டுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. இன்ஸ்பெக்ஷன்லயும் கேக்க மாட்டாங்க. டெக்ஸஸ்ல 2025 ஜனவரியிலேர்ந்து சாதாரண காருக்கு சேஃப்டி இன்ஸ்பெக்ஷனே கிடையாது, சில கவுண்டில எமிஷன் டெஸ்ட் மட்டும்தான்.

அப்ப எதை வச்சு முடிவு பண்றது? வண்டி கூரைய வச்சு. மாஸ்டா மியாட்டா, ஹோண்டா எஸ்2000 மாதிரி சாஃப்ட் டாப் (துணிக்கூரை) வண்டின்னா கூரைய இறக்கிட்டா பின்னாடி மொத்தமும் கண்ணுக்குத் தெரியும், வண்டியும் சின்னது, என்னைக் கேட்டா அதுக்கு கேமரா வேண்டாம், அந்தக் காசுக்கு நல்ல டயர் வாங்குங்க. ஆனா வருஷத்துல பாதி நாள் கூரைய மூடியே ஓட்டுற குளிர் ஊர்ல இருக்கீங்கன்னா, அதுலயும் பின்கண்ணாடி பிளாஸ்டிக்கா இருக்குற பழைய மாடல்னா (2000, 2001 எஸ்2000 அப்படித்தான், 2002லேர்ந்துதான் கண்ணாடி) அது மங்கிப்போய் ஒண்ணும் தெரியாது, அப்ப யோசிக்கலாம். 350இசட் கூப்பே மாதிரி ஹாட்ச் வண்டிக்கு என் ஓட்டு கேமராவுக்குத்தான். வீட்டுல சின்னப் பசங்க இருந்தா யோசிக்கவே வேண்டாம், போடுங்க. டிரைவ்வேல வண்டிக்குப் பின்னாடி உக்காந்து விளையாடுற குழந்தை எந்தக் கண்ணாடியிலயும் தெரியாது.

அதுக்காக கேமரா வந்துட்டா எல்லாம் சரியாயிடும்னு நினைக்காதீங்க. ஐஐஎச்எஸ்னு இன்ஷூரன்ஸ் கம்பெனிங்க நடத்துற ஆராய்ச்சி அமைப்பு ஒண்ணு இருக்கு, அவங்க கணக்குல ரிவர்ஸ் கேமரா இருக்குற வண்டியில போலீஸ்ல பதிவாகுற ரிவர்ஸ் விபத்து 17 சதவீதம்தான் குறையுது. உபயோகம் இருக்கு, மந்திரம் இல்ல. முக்கியமா பார்க்கிங் லாட்ல குறுக்கால வேகமா வர்ற வண்டிய கேமரா ரொம்ப லேட்டாத்தான் காட்டும்.

காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி செலவில்லாத ரெண்டு விஷயத்தை ஒரு வாரம் செஞ்சு பாருங்க. சைடு மிரர்ல உங்க கதவோட விளிம்பு கண்ணுக்கு மறையுற வரைக்கும் வெளிப்பக்கமா திருப்பி வைங்க. பார்க் பண்றப்பவே ரிவர்ஸ்ல உள்ள போய் நில்லுங்க, வர்றப்ப முன்னாடி பாத்துட்டு வந்துடலாம். ஆனா சில காலேஜ், அப்பார்ட்மென்ட் லாட்ல நம்பர் பிளேட் ஸ்கேன் பண்றதுக்காக ரிவர்ஸ்ல நிறுத்தக் கூடாதுன்னு போர்டு வச்சிருப்பான், பாத்துக்கோங்க, டிக்கெட் வைப்பான். ஒரு வாரம் கழிச்சும் கழுத்து வலிச்சா அடுத்ததுக்கு வாங்க.

2. ரிவர்ஸ் லைட் எரியுதான்னு பாருங்க

இதை யாரும் சொல்றதே இல்ல. ஒயர் வச்ச கேமராவுக்கு கரண்டும், "இப்ப ரிவர்ஸ்ல இருக்கோம்"ங்கிற சிக்னலும் ரிவர்ஸ் பல்ப் ஒயர்லேர்ந்துதான் வரும். பழைய மேனுவல் கியர் வண்டியில கியர்பாக்ஸ்ல இருக்குற ரிவர்ஸ் லைட் சுவிட்ச் செத்துப்போறது சகஜம், பின்னாடி இருக்குற லைட்டுங்கறதால ஓட்டுறவனுக்குத் தெரியவே தெரியாது, மாசக்கணக்கா எரியாம ஓடிட்டிருக்கும்.

ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜின் ஸ்டார்ட் பண்ணாம சாவிய ஆன்ல மட்டும் வச்சு, ரிவர்ஸ் கியர் போட்டு, இறங்கிப் போய்ப் பாருங்க. இன்ஜின் ஓடிட்டிருக்கும்போது வண்டிக்குப் பின்னாடி போய் நிக்கவே நிக்காதீங்க. எரியலன்னா பல்பு மாத்திப் பாருங்க, அஞ்சு பத்து டாலர். அப்பவும் எரியலன்னா சுவிட்ச்தான், அதை வண்டிய தூக்கி மாத்தணும், ஆயில் மாத்தப் போறப்ப மெக்கானிக்கிட்ட சேத்து சொல்லிட்டா கூலி மிச்சம். இது சரியாகாம கேமரா வாங்காதீங்க, அப்புறம் படம் வரலன்னு கேமராவைத் திட்டிட்டு ரிட்டர்ன் பண்ணிட்டு இருப்பீங்க.

பழைய வண்டியில ஒரு நல்லதும் இருக்கு, ரிவர்ஸ் பல்புக்கு வர்றது சுத்தமான 12 வோல்ட். புதுசா வர்ற சில வண்டியில அதை கம்ப்யூட்டர் விட்டு விட்டு அனுப்பும், கேமரா மினுக்கும், அந்தத் தொல்லை நமக்கு பெரும்பாலும் இல்ல.

3. கேமராவுக்கு முன்னாடி ஸ்கிரீன் எங்கன்னு முடிவு பண்ணுங்க

எல்லாரும் நேரா கேமரா வாங்கிடுறாங்க, 25 டாலருக்கு ஆயிரம் மாடல் கிடைக்குது, அது வந்து டப்பாவுல உக்காந்திருக்கும், ஏன்னா படத்தை எங்க காட்டுறதுன்னு யோசிச்சிருக்க மாட்டாங்க. செலவுல பெரும்பங்கு ஸ்கிரீன்தான், வண்டியோட அழகு கெடுறதும் ஸ்கிரீனாலதான். எனக்குத் தெரிஞ்சு நாலஞ்சு வழி இருக்கு.

ஒண்ணு, ஸ்டீரியோவையே மாத்துறது. டச் ஸ்கிரீன் ஹெட் யூனிட், கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ எல்லாம் வந்துடும், பின்னாடி கேமரா இன்புட் இருக்கும். பயனியர், கென்வுட், சோனி, அல்பைன் மாதிரி நல்ல கம்பெனியில சுமாரா 250லேர்ந்து 600 டாலர். அதோட விலை முடியாது, உங்க வண்டிக்கான டேஷ் கிட் (ஸ்டீரியோவ டேஷ்போர்டுல பொருத்துற ஃபிரேம்), ஒயர் ஹார்னஸ் (ஒயரை வெட்டாம சொருகுற இணைப்பு), ஆன்டெனா அடாப்டர்னு இன்னும் 50லேர்ந்து 150 வரை ஏறும். க்ரட்ச்ஃபீல்டு மாதிரி கடையில உங்க வண்டி மாடலை போட்டா எது பொருந்தும்னு காட்டிடும், ஸ்டீரியோவோட வாங்குனா அந்த சாமான்லாம் குறைஞ்ச விலைக்கோ சும்மாவோ குடுத்துடுவான், புதுசா இறங்குறவங்களுக்கு அது ரொம்ப வசதி. 350இசட்ல போஸ் சிஸ்டம் இருந்தா அதுக்குன்னு இருக்குற அடாப்டர்தான் வாங்கணும், ஏன்னா ஆம்ப்ளிஃபயர் தனியா வேற இடத்துல இருக்கு, சாதா ஹார்னஸ் போட்டா ஸ்டீரியோ எரியும், சத்தம் வராது. எஸ்2000ல ரேடியோ ஒரு மூடிக்குப் பின்னாடி சிங்கிள் டின் அளவுல (உயரம் கம்மியான பழைய ரேடியோ அளவு) இருக்கு, அங்க பெரிய ஸ்கிரீன் வைக்கணும்னா முன்னாடி துருத்திக்கிட்டு நிக்குற மாடல்தான் கிடைக்கும், மூடிய மூட முடியாது. அந்த வண்டிக்கு அழகே அந்த மூடிதான், நான்னா செய்ய மாட்டேன்.

இந்த வழியில ஒரு பெரிய பொறி, விலை கம்மியான பேர் தெரியாத ஆண்ட்ராய்டு யூனிட். பாக்க 10 இன்ச் பளபளன்னு இருக்கும், ஆனா காலையில வண்டிய ஸ்டார்ட் பண்ணி ரிவர்ஸ் போட்டா அது பூட் ஆகிட்டே இருக்கும், நீங்க தெருவுக்கு வந்தப்புறம் படம் வரும். புது கார்ல ரிவர்ஸ் போட்ட 2 செகண்டுக்குள்ள படம் வரணும்னு விதி இருக்கு, நீங்க தனியா வாங்கி மாட்டுறதுக்கு அந்த விதி எதுவும் இல்ல. வாங்குறதுக்கு முன்னாடி ரிவ்யூல "பூட்", "டிலே" அப்படின்னு தேடிப் படிங்க.

ரெண்டாவது, மிரர் மானிட்டர். உள்ள இருக்குற ரியர்வியூ கண்ணாடிய எடுத்துட்டு அதே மாதிரி இன்னொண்ணு, ரிவர்ஸ் போட்டா ஓரத்துல 4.3 இன்ச் படம் வரும், இல்லன்னா சாதா கண்ணாடி. 40லேர்ந்து 150 டாலர். பழைய ஸ்டீரியோவ தொடவே வேண்டாம், வெளியிலேர்ந்து பாத்தா எதுவுமே தெரியாது. வண்டிய ஒரிஜினலா வச்சிக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு நான் முதல்ல சொல்றது இதைத்தான். பழைய கண்ணாடிக்கு மேல ரப்பர் பேண்ட் மாட்டுற மாடலைத் தவிர்க்கப் பாருங்க, கனம் தாங்காம கீழ சாய்ஞ்சுக்கிட்டே இருக்கும், தண்டோட மொத்தமா மாத்துறது நல்லது.

மூணாவது, வண்டியிலேயே இருக்குற பொந்து. 350இசட்ல நேவிகேஷன் இல்லாத மாடல்ல மூணு குட்டி மீட்டருக்குக் கீழ, ரேடியோவுக்கு மேல ஒரு மூடி போட்ட பெட்டி இருக்கும், நேவிகேஷன் மாடல்ல ஸ்கிரீன் வர்ற இடம் அது. அங்க ஒரு சின்ன மானிட்டர் வச்சா, வேணும்போது மூடிய திறந்துக்கலாம், வேண்டாம்னா மூடிட்டா ஃபேக்டரி மாதிரியே இருக்கும். நான் இதைத்தான் பண்ணேன், எனக்கு இதைவிட திருப்தியானது இல்ல. உங்க வண்டியிலயும் ஆஷ்ட்ரே, காயின் பாக்ஸ்னு ஏதாவது உபயோகமில்லாத பொந்து இருக்கும், அளவெடுத்துட்டு மானிட்டர் தேடுங்க.

நாலாவது, ஒயர்லெஸ் சோலார் கேமரா. நம்பர் பிளேட் ஸ்க்ரூலயே மாட்டிக்கும், ஒயர் எதுவும் இழுக்க வேண்டாம், மானிட்டர சிகரெட் லைட்டர்ல சொருகிடலாம், 100லேர்ந்து 150 டாலர், அரைமணி நேர வேலை. அப்பார்ட்மென்ட்ல இருக்கவங்களுக்கு, லீஸ்ல லாட்ல வச்சு கார் வேலை பாக்கக் கூடாதுன்னு போட்டிருக்கவங்களுக்கு இதான் சரி. ஆனா ரிவர்ஸ் போட்டா தானா ஆன் ஆகாது, பட்டன் அமுக்கணும், அந்தப் பழக்கம் வரலன்னா காசு தண்டம். நாள் முழுக்க மூடுன கராஜுல நிக்கிற வண்டின்னா சோலார் சார்ஜ் ஏறாது, அப்பப்ப கழட்டி யுஎஸ்பில சார்ஜ் போடணும். வாங்குறப்ப டிஜிட்டல் சிக்னலான்னு பாருங்க, பழைய அனலாக் மாடல் பக்கத்து வீட்டு வைஃபைக்கே கோடு கோடா வரும்.

போன்ல வைஃபை வழியா படம் காட்டுற கேமராவும் விக்கிறான். வேண்டாம் பாஸ். போன் அந்தக் கேமராவோட வைஃபையில சேர்ற வரைக்கும் காத்திருக்கணும், ஒயர்லெஸ் கார்ப்ளேயோட சண்டை போடும், யாராவது கால் பண்ணா அதுவும் போச்சு.

4. கேமரா வாங்குறப்ப

இப்ப வாங்கலாம். ஒயர் வச்ச சாதா கேமரா 20லேர்ந்து 50, ஸ்டீரியோ கம்பெனியோட சொந்தக் கேமரா 100ஐ ஒட்டி. இடையில இருக்குறது எல்லாம் ஒரே சாமானுக்கு வேற வேற ஸ்டிக்கர்தான்னு எனக்கு சந்தேகம்.

கவனிக்க வேண்டியது, சிக்னல் வகை. பழைய வகை மானிட்டரும் பல ஹெட் யூனிட்டும் எடுத்துக்குறது மஞ்சள் ஆர்சிஏ பின்ல (பழைய டிவிடி ஒயர்ல இருக்குற உருண்டை பின்) வர்ற சாதா என்டிஎஸ்சி (பழைய டிவி வீடியோ வகை) சிக்னல். இப்ப வர்ற கேமரால நிறைய ஏஎச்டினு (படம் இன்னும் தெளிவா வர்ற வேற சிக்னல் வகை) போட்டிருக்கான், பின் அதேதான், சொருகினா போகும், ஆனா மானிட்டர் ஏஎச்டி எடுக்கலன்னா கருப்பாவோ கிழிஞ்ச மாதிரியோதான் படம் வரும். கேமரா கெட்டுப்போச்சுன்னு திருப்பி அனுப்புறவங்கள்ல நிறைய பேருக்கு இதான் பிரச்சனையா இருக்கும்.

அப்புறம் தண்ணி. தூசி, தண்ணி புகாததுக்கான ரேட்டிங் ஐபி67 இல்ல அதுக்கு மேல இருக்கட்டும். கோணம் 170 டிகிரின்னா பெருசுன்னு சந்தோஷப்படாதீங்க, எல்லாம் ஓரத்துல வளைஞ்சு தூரம் தெரியாது, 130லேர்ந்து 150க்குள்ள இருந்தா போதும். இது ரொம்ப தாழ்வான வண்டி, கேமரா தரைக்குக் கிட்டத்துலதான் உக்காரும், அதனால கீழ் மேல் சாய்க்கிற மாதிரி இருக்கணும், இது எல்லாத்தையும் விட முக்கியம். படத்தை இடம் வலம் திருப்பிப் போடுற வசதி இருக்கான்னு பாருங்க, ரிவர்ஸ் கேமரால படம் கண்ணாடியில பாக்குற மாதிரி வரணும், முன் கேமரா மாதிரி வந்தா நீங்க ஸ்டீயரிங்க தப்பு பக்கம் ஒடிப்பீங்க. பல கேமராவோட ஒயர்ல வெள்ளை, பச்சைன்னு ரெண்டு குட்டி வளையம் தொங்கும், ஒண்ணை வெட்டுனா படம் திரும்பும், இன்னொண்ணை வெட்டுனா பார்க்கிங் கோடு போயிடும். எது எதுக்குன்னு காகிதத்துல போட்டிருக்கும், மாட்டுறதுக்கு முன்னாடியே டேபிள்ல வச்சு செஞ்சிடுங்க. கோடு வேண்டாம்ங்கிறதுதான் என் கருத்து, அது உங்க வண்டிக்காகப் போட்ட கோடு இல்ல, அதை நம்பினா இடிப்பீங்க.

பம்பர்ல ஓட்டை போட்டு வைக்கிற பார்க்கிங் சென்சார் செட்டையும் கூடவே விப்பான். பழைய ஸ்போர்ட்ஸ் கார் பம்பர்ல டிரில் வைக்காதீங்க. அவ்வளவுதான்.

5. நம்பர் பிளேட்டும் விண்ட்ஷீல்டும்

பிளேட்டுக்கு மேல பட்டை மாதிரி வர்ற கேமராவும், பிளேட்டைச் சுத்தி ஃபிரேம் மாதிரி வர்ற கேமராவும் மாநிலப் பேரையோ ஸ்டிக்கரையோ மறைச்சா போலீஸ் நிறுத்த அது ஒண்ணே போதும். கலிஃபோர்னியாவுல மாச, வருஷ ஸ்டிக்கர் பிளேட்டோட மேல் மூலையில இருக்கும், பட்டை கேமரா சரியா அங்கதான் வந்து உக்காரும். டெக்ஸஸ்ல பதிவு ஸ்டிக்கர் விண்ட்ஷீல்டுலதான், ஆனா பிளேட்ல இருக்குற எதையும் மறைக்கக் கூடாதுங்கிறது இங்கயும் உண்டு. புளோரிடாவுல 2025 அக்டோபர்லேர்ந்து இதை இன்னும் கடுமையாக்கிட்டாங்க. அதனால பிளேட் ஸ்க்ரூ ஒண்ணுல மட்டும் மாட்டுற சின்ன கேமராவோ, பிளேட் லைட் பக்கத்துல ஒளிஞ்சிக்கிற கேமராவோ வாங்குங்க. மாட்டினப்புறம் பத்தடி தள்ளி நின்னு ஒரு போட்டோ எடுத்து வச்சிக்கோங்க, எல்லா எழுத்தும் தெரியுதுன்னு.

உள்ள வைக்கிற மானிட்டர்ல ரிவர்ஸ் படம் காட்டுறது பொதுவா பிரச்சனை இல்ல, கலிஃபோர்னியா சட்டத்துலயே வண்டி திருப்ப உதவுற படத்துக்கு விலக்கு இருக்கு. மானிட்டர விண்ட்ஷீல்டுல ஒட்டுறதுதான் வம்பு, கலிஃபோர்னியாவுல டிரைவர் பக்கம் கீழ் மூலையில 5 இன்ச் சதுரம், பக்கத்து சீட் பக்கம் கீழ் மூலையில 7 இன்ச் சதுரம், அதுக்குள்ள இருக்கணும். டேஷ்போர்டு மேல வச்சிட்டா இந்தக் கணக்கே வேண்டாம்.

6. கடையில குடுக்குறதா, நீங்களே பண்றதா

வெறும் கேமரா மட்டும் மாட்ட கடையில 100லேர்ந்து 200 டாலர் கூலி, ஹெட் யூனிட்டும் சேத்துன்னா இன்னும் மேல. பெஸ்ட் பை மாதிரி பெரிய கடையிலயும் போடுறாங்க, தனி கார் ஆடியோ கடையும் இருக்கு. சாமானுக்கு சேல்ஸ் டாக்ஸ் தனி, டெக்ஸஸ்ல 8.25 சதவீதம் வரை. நான் விசாரிச்சப்ப ஒரு கடையில கேமராவும் மிரரும் சேத்து ஒரு ரேட்டு சொன்னான், அதே வேலைக்கு ரெண்டு மைல் தள்ளி இன்னொருத்தன் கிட்டத்தட்ட பாதி சொன்னான், மூணாவது ஒருத்தன் ஹாட்ச்ல ஓட்டை போட்டாத்தான் "கிளீனா" இருக்கும்னான், அங்கேர்ந்து அப்படியே வந்துட்டேன். நம்ம ஊரா இருந்தா பக்கத்துல நின்னு பாத்துக்கலாம், இங்க இன்ஷூரன்ஸ் காரணம் சொல்லி உள்ள விட மாட்டான், அதனால முன்னாடியே எழுதி வாங்கணும்.

கேக்க வேண்டியது: ஓட்டை போடுவீங்களா, ஒயரை எப்படி சேப்பீங்க, பழைய பாகத்தை எல்லாம் திருப்பித் தருவீங்களா, கூலிக்கு எத்தனை நாள் வாரன்ட்டி, நான் வாங்கின சாமானைப் போடுவீங்களா. கடைசி கேள்விக்கு நிறைய கடையில போடுவோம் ஆனா வாரன்ட்டி இல்லன்னுவான், அது நியாயம்தான். எல்லாத்தையும் எஸ்டிமேட் காகிதத்துலயே எழுதச் சொல்லுங்க. சனிக்கிழமை போகாதீங்க, கூட்டம், அவசர அவசரமா பிளாஸ்டிக் கிளிப்ப உடைச்சிடுவான். 20 வருஷ பிளாஸ்டிக் அது, தொட்டாலே உடையும்.

நீங்களே பண்றதுன்னா, கொஞ்சம் கை வேலை தெரிஞ்சவங்களுக்கு மிரர் மானிட்டர் வகை அரை நாள், முதல் தடவைன்னா ஒரு முழு நாள் ஒதுக்குங்க. ஹெட் யூனிட்டும் சேத்தா சனி ஞாயிறு ரெண்டும். பிளாஸ்டிக் டிரிம் டூல் செட், மல்டிமீட்டர், நல்ல டேப், டை, உடைஞ்சா மாத்த நாலஞ்சு கிளிப், எல்லாம் சேத்து 40, 50 டாலருக்குள்ள முடியும். கோடை டல்லாஸ் வெயில்ல வெளிய வச்சு பண்ணாதீங்க. குளிர்லயும் வேண்டாம், பிளாஸ்டிக் இறுகிப்போய் பட்டுன்னு போகும்.

7. ஒயர் இழுக்குற நாள்

முதல்ல எல்லா கதவுக் கண்ணாடியையும் இறக்கி விட்டுட்டு பேட்டரி நெகட்டிவ்வ கழட்டுங்க. 350இசட் மாதிரி கண்ணாடியைச் சுத்தி ஃபிரேம் இல்லாத கதவுல, கதவைத் திறக்கும்போது கண்ணாடி கொஞ்சம் கீழ இறங்கி வழி விடும், பேட்டரி இல்லன்னா அது இறங்காது, அப்படியே அடிச்சு மூடினா கண்ணாடியும் ரப்பரும் அவஸ்தை. ஹோண்டா, போர்ஷே பழைய ரேடியோன்னா பேட்டரிய கழட்டிட்டு மாட்டினா ரகசிய நம்பர் கேக்கும், அந்த நம்பர் கையில இருக்கான்னு பாத்துட்டு கழட்டுங்க. மியாட்டா முதல் ரெண்டு தலைமுறையில பேட்டரி டிக்கியிலயே இருக்கு, முன்னாடி தேடாதீங்க. மஞ்சள் கலர் கனெக்டர் எங்க பாத்தாலும் அது ஏர்பேக், கை வைக்காதீங்க.

வரிசை இது. பிளேட் பக்கத்துல கேமரா, அதோட ஒயரை பிளேட் லைட்டுக்குப் போற பழைய துளை வழியாவே உள்ள விடுங்க, ரப்பர் குரோமெட் (துளை விளிம்புல மாட்டுற வளையம்) இல்லாம இரும்பு விளிம்புல ஒயர் படக் கூடாது, ஆறு மாசத்துல அறுத்துடும். டிக்கி உள்பக்க லைனிங்க விலக்கினா டெயில்லைட் பின்பக்கம் தெரியும், அங்க ரிவர்ஸ் பல்ப் ஒயரை மல்டிமீட்டரால கண்டுபிடிங்க, கலரை நம்பாதீங்க, இதுக்கு மட்டும் பேட்டரிய மாட்டி, இன்ஜின் ஸ்டார்ட் பண்ணாம சாவிய ஆன்ல வச்சு பாருங்க, ரிவர்ஸ் போட்டா மட்டும் 12 வோல்ட் வரணும், பாத்துட்டு பேட்டரிய திரும்ப கழட்டிடுங்க. அதுலேர்ந்து கேமராவுக்கு கரண்ட், நடுவுல 1 ஆம்ப் ஃபியூஸ். கருப்பு ஒயர் பாடி இரும்புல, பெயின்ட் மேல இல்ல. நீல, சிவப்பு கலர்ல வர்ற நசுக்குற கிளிப் மலிவா கிடைக்கும், அதைப் போடாதீங்க, பழைய ஒயரை உள்ளுக்குள்ளயே வெட்டிடும், திருகி மாட்டுற டேப் கனெக்டர் வாங்குங்க, இல்ல சால்டர் பண்ணுங்க.

அங்கேர்ந்து ஆர்சிஏ கேபிள் கதவு அடிப்பட்டைக்குக் கீழயே முன்னாடி வரும். கேமராவோட வர்ற 6 மீட்டர் கேபிள் போதும், 350இசட் மொத்த நீளமே 4.3 மீட்டர்தான். சீட் நகர்ற தண்டவாளத்துல மாட்டாம பாத்துக்கோங்க. பல ஆர்சிஏ கேபிள்ல கூடவே ஒரு மெல்லிசு சிவப்பு ஒயர் ரெண்டு முனையிலயும் வெளிய நீட்டிட்டிருக்கும், தூக்கி எறிஞ்சிடாதீங்க, ரிவர்ஸ் சிக்னலை முன்னாடி கொண்டுவர்றது அதுதான், பின்பக்கம் ரிவர்ஸ் பல்ப்ல, முன்பக்கம் மானிட்டரோட டிரிகர் ஒயர்ல. பயனியர், கென்வுட், ஜேவிசில அது பெரும்பாலும் ஊதாவும் வெள்ளையும் கலந்த ஒயர்.

பேட்டரிய திரும்ப மாட்டினப்புறம் 350இசட்ல ஐடில் (வண்டி நிக்கும்போது இன்ஜின் ஓடுற வேகம்) கொஞ்சம் ஏறி இறங்கலாம், கண்ணாடி தானா ஏறுறது நின்னுடலாம். பதறாதீங்க, ரெண்டுக்கும் ரீசெட் முறை இருக்கு, சர்வீஸ் மேனுவல்ல பாத்து வரிசையா பண்ணா சரியாயிடும்.

8. பேனலை மூடுறதுக்கு முன்னாடி டெஸ்ட்

எல்லா பிளாஸ்டிக்கையும் அழகா மாட்டிட்டு அப்புறம் டெஸ்ட் பண்றதுதான் வழக்கமா நடக்குறது, அதை மட்டும் செய்யாதீங்க. திறந்தபடியே படம் வருதா, இடம் வலம் சரியா, ரேடியோ, ஹசார்டு, பிரேக் லைட் எல்லாம் பழையபடி வேலை செய்யுதான்னு பாருங்க. இன்ஜின் ஆன்ல படத்துல கோடு ஓடுதுன்னா எர்த்த, அதாவது கருப்பு ஒயர் பாடியில சேர்ற இடத்த, மாத்துங்க, பெரும்பாலும் அதுதான்.

அப்புறம் சாய்வு. புது கார் விதியில வண்டிக்குப் பின்னாடி 10 அடி அகலம், 20 அடி நீளம் தெரியணும்னு இருக்கு, நம்ம வண்டிக்கும் அதையே அளவா வச்சிக்கலாம். டேப்பால அளந்து நாலு மூலையில பிளாஸ்டிக் பக்கெட்டோ கோனோ வைங்க, நாலும் தெரியுற வரைக்கும் கேமராவ சாய்ங்க, பம்பர் விளிம்பு படத்தோட அடியில கொஞ்சூண்டு தெரியட்டும், அது தெரிஞ்சாத்தான் தூரம் புரியும். ராத்திரி ஒரு தடவை, மழை பெஞ்சப்புறம் ஒரு தடவை பாருங்க, லென்ஸ்ல தண்ணி ஆவி கோத்தா உடனே மாத்திடுங்க, ரிட்டர்ன் தேதி பெரும்பாலும் 30 நாள்.

9. காகிதம்

பில், வாரன்ட்டி கார்டு, கடையில போட்டா இன்வாய்ஸ், எந்த ஒயர்லேர்ந்து எதை எடுத்தோம்னு கையால போட்ட படம், பேனல் திறந்திருக்கும்போது எடுத்த போட்டோ, எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல வைங்க. அடுத்து வண்டியில எலக்ட்ரிகல் வேலை வர்றப்ப மெக்கானிக் மணிக்கணக்குலதான் காசு வாங்குவான், அந்தப் படத்தைக் காட்டினா தேடுற நேரம் மிச்சம். ஒரிஜினல் ரேடியோவையோ மிரரையோ, அதோட ஸ்க்ரூவையும் சேத்து ஜிப் கவர்ல போட்டு வீட்டுக்குள்ள வைங்க, கராஜ் சூட்டுல வேண்டாம். கை படாத பழைய இசட் தேடுறவங்க நிறைய, விக்கிறப்ப அதைத்தான் முதல்ல கேப்பாங்க.

இன்ஷூரன்ஸ்ல சாதா பாலிசி ஃபேக்டரியிலேர்ந்து வந்த சாமானைத்தான் கணக்குல எடுக்கும், நீங்க மாட்டின ஸ்டீரியோவும் கேமராவும் "கஸ்டம் பார்ட்ஸ்"னு தனி வரியில வரும், சில பாலிசில ஒரு சின்ன வரம்பு வரைக்கும் சும்மாவே இருக்கும், மத்ததுல கேட்டு சேக்கணும். 40 டாலர் கேமராவுக்கு இதெல்லாம் வேண்டாம், டிடக்டபிளே (கிளெய்ம்ல நம்ம கைக்காசா போடுற பங்கு) அதை முழுங்கிடும். 600 டாலர் ஹெட் யூனிட் போட்டிருந்தா கேளுங்க. ஹேகர்ட்டி மாதிரி கம்பெனி, கார் சேகரிக்கிறவங்களுக்குன்னு குடுக்குற பாலிசில, முன்கூட்டியே பேசி வச்ச மதிப்புக்கு எடுத்திருக்கீங்கன்னா, என்ன மாத்தினீங்கன்னு போட்டோவோட மெயில் அனுப்பிடுங்க. போன்ல சொன்னது செல்லாது, மெயில்ல பதில் வர்ற வரைக்கும் விடாதீங்க.